மனைவியின் கணக்கில் வந்த காசு, கணவரின் பெயரில் வந்த கடன்

2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. லண்டன் ஹாரோவில் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி விடும் நேரம். ஒரு தாய் என்னிடம் பழுப்பு உறை ஒன்றை நீட்டினார்.

“அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. இவர் ரெண்டு நாளா நித்திரை கொள்ளேல்லை.”

நான் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அது தெரிந்தவர்கள் சனிக்கிழமைகளில் கடிதங்களோடு வருவார்கள். இந்தக் கடிதம் வரித்துறையிலிருந்து கணவரின் பெயருக்கு வந்திருந்தது. உங்கள் வீட்டில் சைல்ட் பெனிஃபிட், அதாவது பிள்ளைகளுக்காக அரசு கொடுக்கும் உதவித்தொகை, பெறப்படுகிறது. உங்கள் வருமானம் வரம்பைத் தாண்டியிருக்கலாம். அப்படித் தாண்டியிருந்தால் பெற்ற காசில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ வரியாகத் திருப்பிக் கட்ட வேண்டும். சாரம் இவ்வளவுதான். தொகை எதுவும் அதில் இல்லை. தொகை இல்லாதது நல்லதென்று நான் நினைத்தேன், அவர்களுக்கோ அதுதான் பெரிய பயம். எவ்வளவு வரும் என்று தெரியாத கடன் இரவில் வளர்ந்துகொண்டே போகும்.

குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டமும் கணக்கும் மாறவில்லை.

இருவரும் யாழ்ப்பாணத்துப் பக்கம். பிரித்தானியக் குடியுரிமை கிடைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கணவர் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் டெக்னீஷியன். அவர் மனைவிக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் பகுதிநேர வேலை. பிள்ளைகள் இரண்டு, இளையவன் பிறந்தது 2012 வசந்தத்தில். அவன் பிறந்த சில வாரங்களில் படிவத்தை நிரப்பி அனுப்பியவர் தாய். காசு நான்கு கிழமைக்கு ஒருமுறை அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. சப்பாத்து, பள்ளிச் சீருடை, நீச்சல் வகுப்பு எல்லாம் அதில்தான் ஓடின. கணவர் அந்தக் கணக்கைப் பார்த்ததே இல்லை.

அவருடைய அடிப்படைச் சம்பளம் நீண்டகாலம் 50,000 பவுணுக்குக் கீழேதான் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு ஆட்பற்றாக்குறையால் இரவு அழைப்புகளும் ஓவர்டைமும் கூடின. 2022இல் மேற்பார்வையாளர் பதவியும் வந்தது. அந்தச் சம்பள உயர்வு வந்த வாரம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து வெளியே சாப்பிடப் போனதை அவர் மனைவி, அந்தத் தங்கச்சி, நினைவுபடுத்திச் சொன்னார். கடன் தொடங்கியதும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான்.

இரண்டு கதவுகளுக்கு நடுவே

சைல்ட் பெனிஃபிட்டைத் திருப்பிப் பிடிக்கும் இந்த வரியைச் சார்ஜ் என்பார்கள். இந்தச் சார்ஜ் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கணக்கைத் திறக்க முடியாது. 2010 ஒக்டோபரில் அப்போதைய நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன், கூடிய வீதத்தில் வரி கட்டுபவர்களின் வீடுகளுக்குச் சைல்ட் பெனிஃபிட் இனிக் கிடையாது என்று அறிவித்தார். எதிர்ப்பு வந்ததும் 2012 பட்ஜெட்டில் அது வேறு வடிவம் எடுத்தது. காசை நிறுத்தவில்லை, கொடுத்த காசை வரியாகத் திருப்பி வாங்குவது என்று முடிவானது. 2013 ஜனவரி 7ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. தம்பதியரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய வருமானம் 50,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு 100 பவுணுக்கும் பெற்ற காசில் நூற்றுக்கு ஒரு பங்கு திரும்பப் போகும். 60,000இல் எல்லாமே போய்விடும்.

இங்கே வருமான வரி 1990 முதல் ஆளுக்கு ஆள் தனித்தனி. மனைவிக்கு என்ன வருகிறது என்று கணவரின் வரிக் கணக்குக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சைல்ட் பெனிஃபிட்டோ வீட்டுக்கு வருவது. அதற்கு விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் தாய். இந்தச் சார்ஜ் அந்த இரண்டையும் முடிச்சுப் போடுகிறது, ஆனால் முடிச்சைக் கட்டும் வேலையைக் குடும்பத்தின் தலையில் வைக்கிறது. வேலை கொடுப்பவருக்கு மனைவியின் கணக்கு தெரியாது. வங்கிக்குக் கணவரின் சம்பளம் தெரியாது. சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடித்துவிடுவதால், தன் வரியெல்லாம் கட்டியாயிற்று என்றுதான் எந்தச் சம்பளக்காரரும் நம்புவார். அந்த நம்பிக்கையில் தவறு என்ன இருக்கிறது? நாட்டிலுள்ள பெரும்பாலான சம்பளக்காரர்களுக்கு அது உண்மையும்கூட.

கணவருக்குப் பிறக்காத பிள்ளைக்கும் இந்தச் சார்ஜ் வரும் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளையோடு இருக்கும் ஒரு தாயோடு ஒருவர் சேர்ந்து வாழத் தொடங்கினால், அவருடைய வருமானம் வரம்புக்கு மேலே இருக்குமானால், சேர்ந்து வாழும் காலத்துக்கான கடன் அவருடையது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 50,000 என்ற அந்த வரம்பு பதினொரு வருடம் அசையவே இல்லை. 2013–14 வரியாண்டில் (ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை) 40 வீத வரி தொடங்கியது 41,450 பவுணில். அப்போது 50,000 என்பது உண்மையிலேயே நல்ல சம்பளம். 2021–22இல் 40 வீதம் தொடங்கும் எல்லை 50,270 ஆனது. அதாவது, 20 வீதத்துக்கு மேல் ஒரு பென்னிகூட வரி கட்டாத ஆளும் இந்தச் சார்ஜுக்குள் விழலாம் என்ற நிலை வந்தது. பணக்காரர்களுக்கென்று போட்ட வேலி காலப்போக்கில் லிஃப்ட் திருத்துபவரின் வாசலுக்கு வந்துவிட்டது.

2024 ஏப்ரல் 6 முதல் வரம்பு 60,000. முழுவதும் போவது 80,000இல். ஒவ்வொரு 200 பவுணுக்கும் நூற்றில் ஒரு பங்கு. அப்போதைய நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட் இதை அறிவித்தபோது, 2026இல் வீட்டு வருமானத்தை வைத்தே கணக்கிடப் போவதாகவும் சொன்னார். 2024 ஒக்டோபர் பட்ஜெட்டில், அவருக்குப் பின் நிதியமைச்சரான ரேச்சல் ரீவ்ஸ் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். ஆகவே பக்கத்து வீட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கு 59,000 உழைத்தால், வீட்டுக்கு 118,000 வந்தாலும் ஒரு காசும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. இந்த வீட்டில் ஒருவர் மட்டும் 80,000 உழைத்து, மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தால், எல்லாவற்றையும் திருப்பிக் கட்ட வேண்டும். இது அநீதி. ஒருவர் உழைக்க மற்றவர் வீட்டைப் பார்க்கும் குடும்பங்கள் நம்மவரிடையே நிறைய இருப்பதால், இந்த அநீதியை நாங்கள் அதிகமாகவே சுமக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் போட்டு வந்த கணக்கு

அடுத்த சனிக்கிழமை கணவரும் வந்தார். கையில் மூன்று வருட பி60 தாள்கள் (வருடச் சம்பளமும் பிடித்த வரியும் இருப்பவை), பி11டி தாள்கள் (சம்பளத்துக்கு மேல் நிறுவனம் கொடுத்த சலுகைகள் இருப்பவை), ஒரு கொப்பி. பதறிப்போயிருந்தாலும் மனிதர் கவனமாகக் கணக்குப் போட்டிருந்தார். பி60இல் இருந்த சம்பளத்தோடு நிறுவனம் கட்டும் மருத்துவக் காப்புறுதியின் பெறுமதியையும் வங்கி வட்டியையும் கூட்டியிருந்தார். அது சரிதான். வட்டிக்கு வரி இல்லாத அளவு ஒன்று உண்டு, ஆனால் வரி இல்லாத அந்த வட்டியும் இந்தக் கணக்கில் சேரும். ஐசா எனும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் சேராது.

2021–22இல் சம்பளம் 51,200, காப்புறுதி 640, வட்டி 90. மொத்தம் 51,930. வரம்பைத் தாண்டியது 1,930, ஆகவே 19 வீதம். அந்த வருடம் இரண்டு பிள்ளைகளுக்கும் வந்தது வாரத்துக்கு 35.15 பவுணாக மொத்தம் 1,827.80 பவுண். அதில் 19 வீதம் 347 பவுண்.

2022–23இல் 55,480, 690, 270. மொத்தம் 56,440. வீதம் 64. வந்த காசு 1,885, திருப்ப வேண்டியது 1,206.

2023–24இல் 58,300, 720, 480. மொத்தம் 59,500. வீதம் 95. வந்தது 2,074.80, திருப்ப வேண்டியது 1,971.

மூன்றும் சேர்ந்து 3,524 பவுண். கொப்பியில் அந்த எண்ணைச் சுற்றி மூன்று தரம் வட்டம் போட்டிருந்தார். “அண்ணை, விடிய விடிய நிண்டு உழைச்ச காசு இது” என்றார்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. 2023–24இல் 50,270க்கு மேலே அவர் உழைத்த ஒவ்வொரு 100 பவுண் ஓவர்டைமிலும் 40 வருமான வரி, 2 தேசியக் காப்புறுதி. அதற்கு மேல் 2,074.80இல் நூற்றில் ஒரு பங்கான 20.75 இந்தச் சார்ஜ். கையில் மிஞ்சுவது 37 பவுண் சொச்சம். நள்ளிரவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கப் போன ஒருவருக்கு, நூறில் முப்பத்தேழு.

ஓய்வூதியமும் கோவில் ரசீதும்

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தேவைக்கு அதிகமாகக் கட்டிவிடுகின்றன. சார்ஜ் கணக்கிடப்படுவது பி60இல் இருக்கும் எண்ணை வைத்தல்ல. திருத்திய நிகர வருமானம் என்று ஒன்று இருக்கிறது. மொத்த வருமானத்திலிருந்து சிலவகை ஓய்வூதியப் பணத்தையும் கிஃப்ட் எய்ட் (அறக்கட்டளைக்குக் கொடுக்கும் காசுக்கு வரிச் சலுகை தரும் திட்டம்) நன்கொடைகளையும் கழித்த பிறகு மிஞ்சுவது அது.

அவருடைய சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கினேன். ஓய்வூதியக் கழிவு அதில் வரிக்குப் பிறகு இருந்தது. மொத்தச் சம்பளமும் வரிக்குரிய சம்பளமும் ஒரே எண். இதைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வேலைத்தல ஓய்வூதியத்தில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் ஓய்வூதியக் காசைக் கழித்த பிறகே வரி கணக்கிடுவார்கள். அங்கே பி60 எண் ஏற்கெனவே குறைந்திருக்கும், மறுபடி கழிக்கக்கூடாது. மற்றதில் வரி பிடித்த பிறகு மிஞ்சும் சம்பளத்திலிருந்து காசு போகும், 20 வீத வரிச் சலுகையை ஓய்வூதிய நிறுவனம் அரசாங்கத்திடமிருந்து வாங்கி உங்கள் ஓய்வூதியச் சேமிப்பில் போடும். அரசு அமைத்த நெஸ்ட் எனும் வேலைத்தல ஓய்வூதியம் நடப்பது இந்த இரண்டாவது முறையில். அப்படியானால் பி60 எண் குறைந்திருக்காது. நீங்கள்தான் அந்தத் தொகையை, அரசு சேர்த்த பங்கையும் கூட்டி, கழித்துக் காட்ட வேண்டும். இவருடையதும் இரண்டாவது வகைதான். ஓய்வூதிய நிறுவனத்தின் வருடாந்தக் கூற்றுகளை அவருடைய கைபேசியிலேயே திறந்து பார்த்தோம். அரசுப் பங்கோடு சேர்த்து 2,140, 2,190, 2,201.

மனைவி அப்போதுதான் மெல்லக் கேட்டார்: “கோவிலுக்குக் குடுத்தது கணக்கில வருமோ அண்ணை?”

வரும். ஆனால் எல்லாம் வராது. உண்டியலில் போட்டது வராது, அர்ச்சனைச் சீட்டுக்குக் கட்டியது வராது, ஏனென்றால் அது நன்கொடை அல்ல. கோவில் பதிவுபெற்ற அறக்கட்டளையாக இருந்து, கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த நன்கொடை வரும். கையெழுத்து யாருடையது என்பதும் முக்கியம். நல்லகாலம், திருப்பணிக்கென்று வங்கிக் கட்டளை போட்டவரும் படிவத்தில் ஒப்பமிட்டவரும் கணவர்தான். 2022–23இல் மாதம் 20 பவுண் வீதம் 240, வரிச் சலுகையோடு 300. அடுத்த வருடம் தேருக்கென்று கூட்டிக் கொடுத்து 400, சலுகையோடு 500. கோவில் அலுவலகம் ஒரே வாரத்தில் கடிதம் தந்தது.

இப்போது மறுபடி கணக்கு. 2021–22இல் 51,930இலிருந்து 2,140ஐக் கழித்தால் 49,790. வரம்புக்குக் கீழே. சார்ஜே இல்லை. அந்த வருடத்துக்குச் சொல்லாமல் விட்டது தவறும் இல்லை, ஏனென்றால் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

2022–23இல் 2,190ஐயும் 300ஐயும் கழித்தால் 53,950. வீதம் 39. திருப்ப வேண்டியது 735. அடுத்த வருடம் 2,201ஐயும் 500ஐயும் கழித்தால் 56,799. வீதம் 67. திருப்ப வேண்டியது 1,390.

3,524 என்று வட்டம் போட்ட எண் 2,125 ஆகிவிட்டது.

அத்தோடு முடியவில்லை. 40 வீத வரி கட்டுபவருக்கு அந்த ஓய்வூதியக் காசிலும் நன்கொடையிலும் இன்னொரு 20 வீதச் சலுகை உரியது. அது தானாக வராது, கேட்டால்தான் வரும். அவர் கேட்டதே இல்லை, கேட்கலாமென்று யாரும் சொன்னதும் இல்லை. நான்கு வருடத்துக்குள் கேட்கலாம் என்பதால் மூன்று வருடங்களுக்கும் கேட்டோம். முதல் வருடத்துக்கு 314, அடுத்ததற்கு 498, அதற்கடுத்ததற்கு 540. மொத்தம் 1,352. கடைசியில் அவர் பையிலிருந்து போக வேண்டியது 773 பவுண், கொஞ்சம் தாமத வட்டியோடு.

அந்த எண்ணைக் கண்டதும் அவர் ஒன்றும் பேசவில்லை. கொப்பியை எடுத்து, முன்பு போட்ட வட்டத்தை ஒரு கோட்டால் வெட்டினார்.

எல்லாருக்கும் இப்படிக் குறையாது. ஓய்வூதியம் முதல் முறையில் இருந்து, நன்கொடை எதுவும் இல்லாதிருந்தால் முதல் எண்ணே கடைசி எண்ணாக இருந்திருக்கும். ஆனால் பார்க்காமல் கட்டக்கூடாது.

வாட்ஸ்அப்பில் வந்த வழக்கு

இதற்கிடையில் ஒரு நண்பர் அவருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நீதிமன்றமே இந்தக் கடனைக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது, கட்டாதே என்று. அந்த வழக்கு உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

ஜேசன் வில்க்ஸ் என்பவருடைய வழக்கு அது. அவருடைய வீட்டிலும் காசு மனைவிக்குத்தான் வந்தது. 2014–15 முதல் 2016–17 வரையான மூன்று வருடங்களுக்குச் சுமார் 4,200 பவுணை வரித்துறை கேட்டது. பழைய வருடங்களைத் திறந்து வரி கேட்கும் அதிகாரம் 1970ஆம் ஆண்டு வரி நிர்வாகச் சட்டத்தின் 29ஆம் பிரிவில் இருக்கிறது. வரி விதித்திருக்க வேண்டிய ‘வருமானம்’ விடுபட்டிருந்தால் அதைப் பயன்படுத்தலாம் என்றுதான் அப்போது அந்தப் பிரிவு சொன்னது. இந்தச் சார்ஜ் ஒரு வரி; அது வருமானம் அல்ல. ஆகவே அந்த அதிகாரத்தால் இதைக் கேட்க முடியாது என்று வாதாடி அவர் வென்றார். 2021 ஜூன் 30ஆம் திகதி மேல் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்தது. 2022 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது.

ஆனால் அதற்கு முன்பே நாடாளுமன்றம் கதவை அடைத்துவிட்டது. 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 29ஆம் பிரிவின் வாசகத்தை மாற்றியது, அதுவும் பின்னோக்கிச் செல்லும்படியாக. 2021 ஜூன் 30க்குள் இதே காரணத்தைச் சொல்லி மேன்முறையீடு செய்தவர்கள் மட்டும் தப்பினார்கள். 2024இல் கடிதம் கிடைத்த ஒருவருக்கு அந்த வழக்கில் நிழல் இல்லை. இதைக் கணவருக்குச் சொன்னபோது அவர் முகம் வாடியது. பொய்யான நம்பிக்கையில் ஒரு வருடம் கடத்தியிருந்தால் வட்டியும் அபராதமும் அந்த வாட்டத்தை இரட்டிப்பாக்கியிருக்கும்.

அபராதம் பற்றி

கடனைவிட அபராதத்துக்குத்தான் அவர்கள் அதிகம் பயந்தார்கள். குற்றவாளி என்று பெயர் வந்துவிடுமோ, பாஸ்போர்ட்டில் ஏதும் வருமோ என்றெல்லாம் தங்கச்சி கேட்டார். அப்படி எதுவும் இல்லை. அகதியாக வந்து, ஒவ்வொரு அரசாங்கக் கடிதத்தையும் நெஞ்சு படபடக்கத் திறந்து பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

சட்டம் இதுதான். வரி கட்ட வேண்டியிருந்தும் பதிவு செய்யாதவர், அந்த வரியாண்டு முடிந்து வரும் ஒக்டோபர் 5க்குள் அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால், வேண்டுமென்றே செய்யாதவரைப் பொறுத்தவரை, கட்டாத வரியில் அதிகபட்சம் 30 வீதம் அபராதம். தாமாகவே முன்வந்து சொன்னால், அதுவும் பன்னிரண்டு மாதத்துக்குள் சொன்னால், பூச்சியம் வரை குறையலாம். கடிதம் வந்த பிறகு சொன்னால் குறைந்தது 10 வீதம். நியாயமான காரணம் இருந்தால் அபராதமே இல்லை.

2023–24க்கான வரி 2025 ஜனவரி 31க்குள் கட்டினால் போதும். அதற்குள் கட்டிவிட்டால் ‘கட்டாத வரி’ என்று ஒன்றும் இல்லை, ஆகவே அபராதத்துக்கும் இடமில்லை. மிஞ்சியது 2022–23 மட்டும். அதற்குக் காரணம் எழுதினோம். விண்ணப்பித்தது 2012இல், அப்போது இந்தச் சார்ஜே நடைமுறையில் இருக்கவில்லை. விண்ணப்பித்தவர் மனைவி. கணவரின் வருமானம் வரம்பைத் தாண்டியது பத்து வருடம் கழித்து. அவருக்கு வருமான வரிப் படிவம் ஒருமுறையும் வந்ததில்லை. கடிதம் வந்த இரண்டு கிழமைக்குள் தொடர்புகொண்டார். இந்த வகையான காரணம் புதிதல்ல. சார்ஜ் வருவதற்கு முன்பே விண்ணப்பித்து, பிறகு வருமானம் ஏறியவர்களின் அபராதங்களை 2018இல் வரித்துறையே மீளாய்வு செய்தது. சட்டம் தெரியாதிருந்ததும் சில சூழ்நிலைகளில் நியாயமான காரணமாகலாம் என்று அதே ஆண்டு பெரின் வழக்கில் மேல் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது.

கடிதத்தை அவரே தன் ஆங்கிலத்தில் எழுதினார். நான் திகதிகளை மட்டும் சரிபார்த்தேன். அடுத்தவர் எழுதிக் கொடுத்த வக்கீல் நடையைவிட, நடந்ததை நடந்தபடி சொல்லும் ஒரு பக்கம் மேல். அபராதம் விதிக்கப்படவில்லை.

2023–24க்கான படிவத்தை டிசம்பர் 30க்கு முன் இணையத்தில் அனுப்பினோம். அந்தத் திகதிக்குக் காரணம் இருக்கிறது. அதற்குள் அனுப்பினால், 3,000 பவுணுக்குக் குறைந்த கடனை அடுத்த வருடச் சம்பளத்தில் டாக்ஸ் கோட் (எவ்வளவு வரி பிடிப்பது என்று வேலை கொடுப்பவருக்குச் சொல்லும் குறியீடு) வழியாகச் சிறிது சிறிதாகப் பிடிக்கச் சொல்லலாம். அவருக்கு மாதம் 70 பவுண் அளவில் போகிறது. அது தாங்கக்கூடியது. 2025இலிருந்து, வேறு காரணத்துக்காகப் படிவம் அனுப்பத் தேவையில்லாத சம்பளக்காரர்கள், படிவமே இல்லாமல் இணையத்தில் சொல்லிவிட்டுச் சார்ஜை டாக்ஸ் கோட் வழியாகக் கட்டும் வசதியும் வந்துவிட்டது.

நிறுத்துவதா, விடுவதா

முதல் நாளே தங்கச்சி, “இந்தக் காசே வேண்டாம், நிப்பாட்டிவிடுவம்” என்றார். அவசரப்பட வேண்டாம் என்றேன். இரண்டு காரணங்கள்.

விண்ணப்பத்தை வைத்துக்கொண்டே காசை மட்டும் நிறுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. விண்ணப்பமே போடாமல் விடுவதுதான் ஆபத்து. வேலைக்குப் போகாத தாய்க்கு, பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை, அந்த விண்ணப்பத்தின் பேரில் தேசியக் காப்புறுதிக் கணக்கில் வருடங்கள் ஏறும். அரச ஓய்வூதியம் முழுமையாகக் கிடைக்க 35 வருடங்கள் வேண்டும். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது இந்தத் தங்கச்சி ஏழு வருடம் வீட்டில் இருந்தார். அந்த ஏழும் அவருடைய கணக்கில் அழகாக ஏறியிருந்ததை இணையத்தில் காட்டினேன். கணவருக்கு நல்ல சம்பளம், எப்படியும் திருப்பிக் கட்ட வேண்டும், பிறகு எதற்கு விண்ணப்பம் என்று விட்டுவிட்ட தாய்மார் சிலரை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் இன்றும் கவலையாக இருக்கிறது. கணவர் திருப்பிக் கட்டிய காசைவிட, தாய் இழந்த ஓய்வூதியம் பெரிது. விசாவில் வந்திருப்பவர்கள் நிலை வேறு. பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்கள் நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

மற்றக் காரணம், வரம்பு 60,000 ஆகிவிட்டது. 2025 மார்ச் நடுவில் மூவரும் மறுபடி இருந்து கணக்குப் பார்த்தோம். அந்த வருடச் சம்பளம் 61,700 வரும்போல் இருந்தது. காப்புறுதி 760, வட்டி 490. மொத்தம் 62,950. ஓய்வூதியம் 2,201, கோவில் 500 கழித்தால் 60,249. வரம்புக்கு மேலே 249 பவுண். சார்ஜ் வெறும் 22 பவுண்தான், ஆனால் அந்த 22க்காக மறுபடி எல்லாத் தாள்களையும் கிளற வேண்டும்.

“இன்னும் கொஞ்சம் பென்சனுக்குப் போட்டால்?” என்று அவரே கேட்டார். நான் சொல்லவில்லை. அந்த வாரமே 240 பவுணைத் தன் ஓய்வூதியத்தில் போட்டார். அரசு 60 சேர்த்து அது 300 ஆனது. கூடுதல் வரிச் சலுகையாக இன்னொரு 60 அவருக்குத் திரும்பி வரும். வருமானம் 59,949க்கு இறங்கியது. சார்ஜ் இல்லை. அந்த வருடம் வந்த 2,212 பவுண் 60 பென்னியும் முழுதாகப் பிள்ளைகளுக்கே.

மே மாதம் புதிய பி60 வந்த அன்று அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார்கள். படத்தில் பி60க்குப் பக்கத்தில் மனைவியின் வங்கிக் கூற்றும், கோவில் ரசீதும், ஓய்வூதியக் கூற்றும் ஒரே மேசையில் கிடந்தன. கீழே தங்கச்சி ஒரு வரி எழுதியிருந்தார்: “அண்ணை, என்ர தங்கச்சியின்ர புருசனுக்கும் இப்ப சம்பளம் கூடிட்டுதாம். வாற சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வரட்டோ?”